எட்டு வழிச்சாலை: உறுப்பினர் மன்றத்தில் பேசியதற்கு ஆதாரம் வேண்டும்

வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். 2018இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு எங்கள் வயல்களில் அளவுக்கல் நட்டபோது, எங்களோடு நின்று கல்லைப் பிடுங்கியவரைத்தான் 2019 டிசம்பரில் ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தோம். 2020 டிசம்பரில் சாலைக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் "வளர்ச்சியைத் தடுக்காதீர்கள்" என்றார். இப்போது வீடு வீடாக வந்து, "நான் ஒருநாளும் சாலையை ஆதரித்ததில்லை" என்கிறார். கருத்து மாறுவது குற்றமில்லை. ஆனால் சொன்னதையே சொல்லவில்லை என்பதை எப்படிப் பொறுப்பது? என் அம்மா அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதபோது பக்கத்தில் நின்றவர் இவர்.

2021 தொடக்கத்தில் நடந்த ஒன்றியக் குழு மன்றக் கூட்டத்தில் அவர் ஆதரித்துப் பேசியதாக அங்கிருந்த இருவர் சொல்கிறார்கள். எழுதித்தர இருவருமே தயங்குகிறார்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். தீர்மானப் பதிவேட்டைக் காட்ட மறுத்துவிட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ஒப்புகை அட்டை கையில் இருக்கிறது. முப்பது நாள் கெடு முடிந்து ஒரு வாரமாகிறது, பதில் இல்லை. அவரிடம் நேரில் கேட்டதற்கு, "பழைய கதை எதற்கு?" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றிய அலுவலகத்தின் மீது முதல் மேல்முறையீடு செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: மனுவை எந்த அதிகாரியின் பெயருக்கு அனுப்ப வேண்டும்?