பழைய லாரி டீசல் பம்பு: எலிமெண்ட் மாற்றணுமா, கலிபரேஷன் போதுமா?

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு நெல் மூட்டை ஏற்றும் பழைய ஆறு சக்கர லாரி எங்களுடையது. இன்லைன் பம்பு (சிலிண்டருக்கு ஒரு எலிமெண்ட் வீதம் வரிசையாக இருக்கும் டீசல் பம்பு). காலையில் சரியாக ஸ்டார்ட் ஆகிறது. ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் பிடிக்கிறது. லோடோடு ஆற்றுப் பாலம் ஏறும்போது இழுவையும் இல்லை. ஃபில்டர் புதிது, ஏர் இழுக்கவில்லை, நாசில்களும் டெஸ்ட் செய்தாகிவிட்டது.

ஒரு பட்டறையில் எலிமெண்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரும் அதன் உறையும்), டெலிவரி வால்வு எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு பட்டறையில் கலிபரேஷன் (பம்பு தள்ளும் டீசல் அளவைச் சரிசெய்வது) போதும் என்கிறார்கள். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த பிளஞ்சர் வழியே கசிந்துவிடும் என்பதால் எலிமெண்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

டிரைவர் அண்ணனோ, 2020-இல் வந்த பிஎஸ்6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதில் உயவு குறைந்ததுதான் தேய்மானத்துக்குக் காரணம், டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலக்கலாம் என்கிறார். உயவுத்தன்மைக்கும் சேர்த்துத்தானே டீசலுக்குத் தரம் வைத்திருக்கிறார்கள்? மழைக்காலத்தில் டேங்கில் சேரும் தண்ணீர்தான் பெரிய எதிரி என்று நினைக்கிறேன்.

எலிமெண்ட் மாற்றியவர்கள், அப்புறம் எத்தனை வருஷம் ஓடியது, கம்பெனி எலிமெண்டா லோக்கலா என்று சொல்லுங்கள். பம்பைப் பிரிக்கும் முன்பே டெஸ்ட் பெஞ்சில் (பம்பைச் சோதிக்கும் மெஷின்) ஏற்றி, ஸ்டார்ட்டிங் வேகத்தில் டெலிவரி அளந்து காட்டும் பட்டறை தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் எங்கே இருக்கிறது? குறுவை அறுவடைக்குள் வண்டி தயாராக வேண்டும்.