உதவி தேவை: ‘ஹேவ்’ எந்த இடத்தில் ‘ஹேவிங்’ ஆகும், எந்த இடத்தில் ஆகாது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்த நான், இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் பணியில் இருக்கிறேன். ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’, ‘வீ ஆர் ஹேவிங் த்ரீ பிராஞ்சஸ்’ ஆகிய தொடர்களை எழுதினால், பிழைதிருத்தும் மென்பொருள் இரண்டையும் அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. ‘வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்று எழுதினாலோ ஒன்றும் சொல்வதில்லை. ஒரே வினை, ஒரே வடிவம். பிறகு ஏன் இந்த வேறுபாடு? ‘ஐ ஹேட் ரிப்பேர்டு தி ரூஃப்’, ‘ஐ ஹேட் தி ரூஃப் ரிப்பேர்டு’ என்ற இரண்டும் வெவ்வேறு பொருள் தருபவை என்று ஒரு பயிற்சி ஏட்டில் படித்தேன், அதுவும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

தம்பி, உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. தமிழ் பேசும் மாணவர்கள் பலரும் தடுமாறும் இடம் இதுதான். ‘ஹேவ்’ என்பதற்கு நேரான ஒற்றை வினைச்சொல் தமிழில் கிடையாது. ‘எனக்குக் காய்ச்சல் இருக்கிறது’, ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்று வேற்றுமை உருபையும் ‘இரு’ என்னும் வினையையும் சேர்த்து நாம் காரியத்தை முடித்துக்கொள்கிறோம்; ‘எனக்கு இரண்டு தம்பிகள்’ என்னும்போது வினையே தேவைப்படுவதில்லை. ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘இங்’ சேர்த்துப் பழகிவிட்டதால், ‘வைத்திருக்கிறேன்’, ‘இருக்கிறது’ என்று மனத்தில் தோன்றும்போதும் கை தானாக ‘ஹேவிங்’ என்று எழுதிவிடுகிறது என்பது என் கணிப்பு.

ஆகவே ‘ஹேவ்’ என்பதற்குத் தமிழில் என்ன என்று தேடாமல், அதை அடுத்து வரும் சொல் நிலையைக் குறிக்கிறதா, நிகழ்ச்சியைக் குறிக்கிறதா என்று பாருங்கள். கிளை அலுவலகம், உடன்பிறப்பு, கேள்வி, காய்ச்சல் ஆகியவை இருப்பவை. அவற்றுக்கு ‘ஹேவ்’ மட்டும் போதும். கூட்டம், மதிய உணவு, விருந்து, வாக்குவாதம் ஆகியவை தொடங்கி, நடந்து, முடிபவை. அவை நடந்துகொண்டிருக்கும்போது ‘ஹேவிங்’ பொருந்தும். உடல்நலத்தைப் பற்றி எழுதும்போதும் இதே அளவுகோல்தான். தலைவலியைப் பொதுவாக ‘ஐ ஹேவ் எ ஹெட்டேக்’ என்பார்கள். கண்ணெதிரே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் ‘ஹி ஈஸ் ஹேவிங் எ ஹார்ட் அட்டாக்’ என்பார்கள்.

சில இடங்களில் இந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது; ‘ஷி ஈஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவர் கருவுற்றிருக்கிறார், அல்லது பிரசவ வேதனையில் இருக்கிறார். சக ஊழியரின் விடுப்பைப் பற்றி மின்னஞ்சல் எழுதும்போது இதில் கவனம் தேவை.

‘டவுட்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். விளக்கம் கேட்பதும் நம்பாமல் ஐயுறுவதும் நமக்குச் ‘சந்தேகம்’தான், ஆங்கிலேயருக்கோ அமெரிக்கருக்கோ ‘டவுட்’ என்று எழுதினால், நீங்கள் அவர்களை நம்பவில்லை என்று தோன்றக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று எழுதுவதே நல்லது.

கேட்டவர்

மிக்க நன்றி, அம்மா. ஒரே ஒரு ஐயம்: ‘ஐ ஆம் ஹேவிங் டிரபிள் வித் தி லாகின்’ என்று அமெரிக்க வாடிக்கையாளர்களே எழுதுகிறார்களே? சிக்கல் என்பதும் ஒரு நிலைதானே?

மறுமொழி 2 – மொழிபெயர்ப்பாளர்

அம்மா சொன்ன விதிக்கு அதுவும் உட்பட்டதே. அந்த வாடிக்கையாளர் கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் இட்டுப் பார்த்து, இந்த நேரத்தில் அல்லல்படுகிறார். அது தற்காலிகமாக நிகழ்ந்துகொண்டிருக்கும் அனுபவம் என்பதால் ‘ஹேவிங்’ அங்கே இயல்பாக வருகிறது. இந்தியருக்குள் எழுதும் ஆங்கிலத்தில் ‘வீ ஆர் ஹேவிங் த்ரீ பிராஞ்சஸ்’ பரவலாகப் புழங்குகிறது, யாருக்கும் புரியாமலும் போவதில்லை. ஆனால் வெளிநாட்டாருக்கும் தேர்வுத் தாளிலும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கூரைத் தொடர்களுக்கு வருகிறேன். ‘ஐ ஹேட் ரிப்பேர்டு தி ரூஃப்’ என்பதில் ‘ஹேட்’ வெறும் துணைவினை. வேறொரு நிகழ்வுக்கு முன்பே நான் கூரையைச் சரிசெய்து முடித்திருந்தேன் என்பது அதன் பொருள். ‘ஐ ஹேட் தி ரூஃப் ரிப்பேர்டு’ என்றால் ஆள் வைத்துச் சரிசெய்தேன். ஏணியில் ஏறியவர் வேறொருவர். பெயர்ச்சொல் நடுவில் புகுந்தவுடன் வேலை கைமாறிவிடுகிறது. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று நாம் சொன்னால் வெட்டியவர் முடிதிருத்துநர் என்பது சொல்லாமலே புரியும். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் தானே கத்திரியை எடுத்ததாகவும் கொள்ள இடமுண்டு என்பதால் ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்கிறார்கள்.

ஆனால் இதே அமைப்பு எப்போதும் ஏவலைக் குறிக்காது. ‘ஐ ஹேட் மை பர்ஸ் ஸ்டோலன்’ என்பவர் யாரையும் திருடச் சொல்லவில்லை. அவர் பணப்பையைப் பறிகொடுத்தவர். செய்யச் சொன்னாரா, அவருக்கு நேர்ந்ததா என்பதைச் சூழலை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மறுமொழி 3

துணைவினையா, முதன்மை வினையா என்று ஐயம் வந்தால் தொடரைக் கேள்வியாக்கிப் பாருங்கள். துணைவினை தானே முன்னால் வந்து நிற்கும்: ‘ஹேவ் யூ சீன் தி ரிப்போர்ட்?’ முதன்மை வினைக்கு இன்று பெரும்பாலும் ‘டூ’ துணைக்கு வரும்: ‘டூ யூ ஹேவ் தி ரிப்போர்ட்?’ பிரிட்டனில் ‘ஹேவ் யூ காட் தி ரிப்போர்ட்?’ என்பதும் இயல்பு. அங்கிருந்து வரும் மின்னஞ்சலில் அதைக் கண்டு குழம்ப வேண்டாம். ‘ஹேட் ஹேட்’ என்று இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது துணைவினை, இரண்டாவது முதன்மை வினை. அது அச்சுப்பிழை அன்று.

தொலைபேசியில் பேசுபவர் என்றால் இதையும் கவனியுங்கள். ‘கட்டாயம் செய்ய வேண்டும்’ என்ற பொருளில் வரும் ‘ஹேவ் டு’ என்பதை வாடிக்கையாளர்கள் விரைந்து பேசும்போது ‘வ்’ ஒலி ‘ஃப்’ ஒலியாக மாறி ‘ஹேஃப்டு’ என்றே காதில் விழும்.

கேட்டவர்

இப்போது தெளிவாகிவிட்டது. ‘வீ ஹேவ் த்ரீ பிராஞ்சஸ், அண்ட் வீ ஆர் ஹேவிங் தி மெயின் ஆஃபீஸ் பெயின்டட் திஸ் வீக்’ என்று எழுதலாமா?

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

எழுதலாம், தம்பி. முதலாவது நிலை; இரண்டாவது, ஆள் வைத்து இந்த வாரம் நடந்துகொண்டிருக்கும் வேலை. அப்படியே அனுப்புங்கள்.