ஓகிப் மூலம் உடற்பருமன் சத்திரசிகிச்சை: அனுமதியை யாரிடம் கேட்பது?

கேள்வி – ஸ்காபரோ தங்கை

வணக்கம். ஸ்காபரோவில் வசிக்கும் என் அக்காவுக்காக இதைக் கேட்கிறேன். அவருக்கு 46 வயது. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 94 கிலோ. பல ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இருக்கின்றன. மெற்போமின், ஜார்டியன்ஸ் என்ற நீரிழிவு மாத்திரைகளை எடுக்கிறார். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறார், பகலில் வேலைத்தளத்தில் கண் சொருகுகிறது என்கிறார். நடைப்பயிற்சி, சோற்றைக் குறைத்தல், நிறை குறைப்பு வகுப்பு என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டார். குறைந்த நிறை ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிடுகிறது.

இரைப்பைச் சத்திரசிகிச்சை பற்றிக் குடும்ப வைத்தியரிடம் கேட்டபோது, "முதலில் நடந்து பாருங்கள், பிறகு பார்ப்போம்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. ஓகிப் (ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) அலுவலகத்துக்கு விண்ணப்பித்து அனுமதிக் கடிதம் பெற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். காத்திருப்பதைவிட மெக்சிக்கோவுக்குப் போய்ச் செய்துகொண்டு வருவது மேல் என்று இன்னொருவர் சொல்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் மச்சாளோ, தெற்காசியர்களுக்கு அங்கே அளவுகோல் தளர்த்தப்பட்டிருக்கிறது, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்கிறார். உண்மையில் ஒன்ராறியோவில் யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்? அக்கா மரக்கறி மட்டுமே உண்பவர், கந்தசஷ்டி விரதமும் பிடிப்பவர். அதனால் பிற்காலச் சாப்பாடு பற்றியும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1 – பைபாஸ் செய்துகொண்டவர்

உங்கள் அக்காவின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் எண், ஏறக்குறைய 37.7 வருகிறது. ஒன்ராறியோவில் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களையும், 35க்கு மேல் இருந்து நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் போன்றவற்றில் ஒன்றாவது உள்ளவர்களையும் பரிந்துரைக்கலாம். ஆகவே அக்கா நீரிழிவு ஒன்றைக் கொண்டே தகுதி பெறுகிறார். இங்கிலாந்தில் தெற்காசியப் பின்னணி உடையவர்களுக்கு 2.5 புள்ளிகள் குறைவான எல்லையைக் கருதலாம் என்று வழிகாட்டி இருப்பது உண்மைதான். ஆனால் அது அந்நாட்டுத் திட்டத்துக்கானது, அக்காவுக்கு அது தேவையும் இல்லை.

அனுமதிக் கடிதம் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. முன்பு ஒன்ராறியோவில் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போதிய இடம் இருக்கவில்லை. பலரை அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அனுப்பி, அமைச்சின் முன் அனுமதியோடு ஓகிப் செலவைக் கட்டியது. 2009ஆம் ஆண்டில் மாகாண அரசு 75 மில்லியன் டொலர் ஒதுக்கி, ஒன்ராறியோ பரியாட்ரிக் நெற்வேர்க் என்ற உடற்பருமன் சிகிச்சை அமைப்பின் கீழ் உள்ளூர் மருத்துவமனைகளிலேயே இதனை விரிவாக்கியது. இப்போது நீங்கள் காப்புறுதி அலுவலகம் எதற்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. குடும்ப வைத்தியரோ நேர்ஸ் பிராக்டிஷனரோ (மேற்பயிற்சி பெற்ற தாதி) அந்த நெற்வேர்க்குக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். அதன் பின்னர் ரொறன்ரோ வெஸ்ரேர்ன், ஹம்பர் ரிவர், ஹமில்ரன் சென் ஜோசப்ஸ், குவெல்ப், ஒட்டாவா போன்ற நிலையங்களில் ஒன்றிலிருந்து அழைப்பு வரும்.

முதலில் அறிமுக வகுப்பு ஒன்று நடக்கும். அதன்பின் தாதி, உணவியலாளர், சமூகப் பணியாளர் அல்லது உளவியலாளர், சத்திரசிகிச்சை நிபுணர் என்று ஒவ்வொருவராகச் சந்திக்க வேண்டும். "ஆம்" அல்லது "இன்னும் இல்லை" என்ற முடிவு இந்த அணியினரிடம்தான் இருக்கிறது. புகைப்பவர் என்றால் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். சிகிச்சை பெறாத மனச்சோர்வோ மது, போதைப் பழக்கமோ இருந்தால் அதை முதலில் கவனிக்கச் சொல்வார்கள். இதனைப் பரீட்சை என்று நினைத்து, மகிழ்ச்சியாக இருப்பதாக நடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதில் பயன் ஏதும் இல்லை. இரவில் எழுந்து உண்ணும் பழக்கம் இருந்தால் அதைச் சொல்லிவிடுவதே நல்லது, ஏனென்றால் சத்திரசிகிச்சை இரைப்பையைச் சிறிதாக்குமே ஒழிய அந்தப் பழக்கத்தை வெட்டி எடுக்காது.

பதில் 2 – கிளினிக் ஊழியர்

மேலே சொன்னது சரி. நான் வேலை செய்யும் இடத்தில் நாள்தோறும் பரிந்துரைகளைப் பார்ப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பெரும்பாலான தாமதம் மருத்துவமனையில் தொடங்குவதில்லை, பரிந்துரை எழுதப்படாமலோ அரைகுறையாக எழுதப்பட்டோ கிடப்பதில்தான் தொடங்குகிறது. இருமல், முழங்கால் வலி, மருந்துச் சீட்டு ஆகியவற்றோடு நாலாவது விடயமாகச் சத்திரசிகிச்சையைக் கேட்டால், பத்து நிமிடச் சந்திப்பில் எந்த வைத்தியரும் "பிறகு பார்ப்போம்" என்றுதான் சொல்வார். இதற்கென்று தனியாக ஒரு சந்திப்பை எடுத்து, எதற்காக வருகிறார் என்பதை முன்கூட்டியே வரவேற்பில் சொல்லிவிடுங்கள்.

அன்று கிளினிக்கிலேயே உயரத்தையும் நிறையையும் அளந்து பதியச் சொல்லுங்கள். வீட்டுத் தராசில் பார்த்த எண் போதாது. அண்மைய ஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனி அளவு) முடிவு, மருந்துப் பட்டியல், முன்பு முயன்ற உணவு முறைகளும் வகுப்புகளும் எந்தக் காலத்தில் நடந்தன என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். குறட்டையையும் பகல் தூக்கத்தையும் கட்டாயம் சொல்ல வேண்டும். உறக்கப் பரிசோதனைக்கு ஓகிப் செலவு கட்டும், மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கும் அந்த முடிவு மிக முக்கியமானது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படாமல் காற்றைச் செலுத்தும் சீபாப் கருவி தேவை என்று வந்தால் அதன் விலையில் 75 வீதத்தை மாகாணத்தின் உதவிக் கருவித் திட்டம் ஏற்கும்.

அதன் பின்னரும் வைத்தியர் தயங்கினால், "எந்த மருத்துவக் காரணத்தால் பரிந்துரைக்க மறுக்கிறீர்கள் என்பதை என் கோப்பில் எழுதிவிடுங்கள்" என்று பணிவாகக் கேட்கலாம். உண்மையான காரணம் இருந்தால் அது வெளிவரும், இல்லாவிட்டால் படிவம் நிரப்பப்படும். நம்மவர் வைத்தியரிடம் அப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதுகிறார்கள், அது தேவையில்லாத கூச்சம். ஆங்கிலத்தில் நீண்ட நேரம் பேசுவது அக்காவுக்குச் சிரமம் என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதையும் பரிந்துரையிலேயே குறிப்பிடச் செய்யுங்கள். உணவுப் பழக்கம் பற்றிய கேள்விகளுக்குப் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்த்தால் தாய்மார் பாதியைத்தான் சொல்வார்கள்.

பதில் 3 – மனைவிக்குத் துணையாக இருந்தவர்

செலவைப் பற்றி யாரும் எழுதவில்லை. சத்திரசிகிச்சை, மருத்துவமனைப் படுக்கை, அணியினரின் சந்திப்புகள் ஆகியவற்றுக்கு ஓகிப் கொடுக்கிறது. பைபாஸும் (சிறு இரைப்பைப் பை அமைத்துக் குடலோடு இணைப்பது) ஸ்லீவும் (இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றுவது) அதில் அடங்கும். இரைப்பையைச் சுற்றிப் போடும் வளையம் அடங்காது. சத்திரசிகிச்சைக்கு முந்திய வாரங்களில் ஈரல் சுருங்குவதற்காக, உணவுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கச் சொல்லும் ஒப்ரிஃபாஸ்ற் மா, அதன்பின் ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டிய விற்றமின், கல்சியம், இரும்புச்சத்து, பி12 ஆகியவை பொதுவாக உங்கள் கைச்செலவுதான். வேலைத்தளக் காப்புறுதி எதையாவது ஏற்குமா என்று முன்பே விசாரியுங்கள். நிறை குறைந்த பின்னர் தொங்கும் தோலை அழகுக்காக அகற்றுவதற்கும் ஓகிப் கொடுக்காது.

மெக்சிக்கோ பற்றி என் கருத்து கடுமையானதுதான். முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் செய்த சத்திரசிகிச்சைக்கு ஓகிப் ஒரு சதமும் திருப்பித் தராது என்பது ஒரு பக்கம். திரும்பி வந்த பின் தையல் கசிந்தால் யாரிடம் போவீர்கள் என்பது மறுபக்கம். அவசரப் பிரிவு பார்க்கும்தான். ஆனால் உங்கள் வயிற்றுக்குள் என்ன செய்யப்பட்டது என்பதை அறிந்த ஒருவரும் இங்கே இருக்க மாட்டார்கள். இங்கே செய்தால் அதே அணி பல ஆண்டுகள் வரை உங்களைக் கண்காணிக்கும்.

மரக்கறி உண்பவராக இருப்பது தடையில்லை. என் மனைவியும் மரக்கறிதான். பைபாஸில் உருவாக்கும் இரைப்பைப் பை ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் அளவானது. அதில் புட்டும் இடியப்பமும் முதலில் போனால் புரதத்துக்கு இடம் இருக்காது. பருப்பு, ரோஃபு, கிரேக்கத் தயிர், சோயா ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றுக்கு இடம் மிஞ்சினால் மட்டும் இரண்டு கரண்டி எடுக்கும் பழக்கம் வர வேண்டும். இனிப்பும் ஒத்துக்கொள்ளாது: என் மனைவி ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதற்கே வியர்த்து, நெஞ்சு படபடத்துப் படுத்துவிட்டார். ஆறு நாள் விரதத்தை முன்போலப் பிடிக்க முடியாது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது குறிப்பாக ஆபத்தானது. விரதத்தின் வடிவத்தை எப்படி மாற்றுவது என்று உணவியலாளரிடம் வெளிப்படையாகக் கேட்டால் அவர்களே வழி சொல்வார்கள். இன்னொன்று, முழங்கால் வலிக்கு அட்வில் போன்ற வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் பைபாஸுக்குப் பின் அது கூடாது. குடல் இணைத்த இடத்தில் புண் வரும்.

கேள்வி கேட்டவர் – ஸ்காபரோ தங்கை

எல்லோருக்கும் மிக்க நன்றி. அக்கா தனிச் சந்திப்பு எடுத்துவிட்டார், தாளையும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: ஒப்ரிஃபாஸ்ற் குடிக்கும் நாட்களில் நீரிழிவு மருந்துகளை வழக்கம்போல எடுக்கலாமா?

பதில் 2 – கிளினிக் ஊழியர்

அவராகவே தீர்மானிக்கக் கூடாது. மாச்சத்து திடீரென்று குறைவதால் இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அக்கா எடுக்கும் ஜார்டியன்ஸில் வேறொரு சிக்கல் இருக்கிறது. உணவு மிகவும் குறைந்த நாட்களில், சீனி அளவு சாதாரணமாகத் தெரியும்போதே குருதியில் அமிலம் கூடிவிடலாம். அதனால் அதைச் சத்திரசிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்துவது வழக்கம். ஒப்ரிஃபாஸ்ற் தொடங்கும் தேதி தெரிந்தவுடன் எந்த மருந்தை என்று நிறுத்துவது, எதைப் பாதியாக்குவது என்று அணியிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் பிரதி ஒன்றை மருந்துக்கடையிலும் கொடுத்து வையுங்கள்.