ஐஎஸ்ஓ 6400: புது கேமராவுல பழசைவிட நாய்ஸ் அதிகமா வருது, ஏன்?

மாடவீதி:
வணக்கம். மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள்ல நாட்டியம் எடுக்கிறேன். எட்டு வருஷமா கேனான் 5டி மார்க் 3தான் சோறு போடுது. மார்கழிக்குள்ள மாத்திடலாம்னு 61 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸ் ஒண்ணை ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், சொன்னா விஷயத்தை விட்டுட்டு கட்சி கட்டிடுவீங்க.

நேத்து ஒரு அரங்கேற்றம். வர்ணம் முடியிற வரைக்கும் பழசு, பதத்துல இருந்து புதுசு. ரெண்டும் ஐஎஸ்ஓ (படத்தோட பிரகாசத்தைக் கூட்டுற செட்டிங்) 6400, ரெண்டும் ரா (கேமரா திருத்தாத மூல ஃபைல்). வீட்டுக்கு வந்து 100% ஜூம்ல பார்த்தா, பழசுல நெத்திச்சுட்டிக் கல்லை எண்ணலாம். புதுசுல பொண்ணு கன்னம் பூரா ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியா நாய்ஸ். சில ஃப்ரேம்ல பின்னாடி திரையில குறுக்கால பட்டை பட்டையா வேற. சென்சார் ஏதாவது போச்சா?

டார்க்ரூம்_தாத்தா:
சென்சார் ஒண்ணும் போகல தம்பி. மொதல்ல அந்த 100% ஜூமை விடுங்க. உங்க 5டி படம் 5760 பிக்சல் அகலம். 61 மெகாபிக்சல் படம் 9500 சொச்சம். அப்படின்னா புதுசை நீங்க 1.65 மடங்கு பெருசாக்கிப் பார்க்கிறீங்க. ரெண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்துட்டு அப்புறம் சண்டை போடுங்க.

ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு, எஃப் நம்பர்), லென்ஸ் என்னன்னு போடுங்க. லைட்ரூம் சாஃப்ட்வேர்ல எக்ஸ்போஷர் (படத்தோட பிரகாசம்) எவ்வளவு ஏத்துனீங்கன்னும் மறைக்காம சொல்லணும்.

கல்யாண_கேமரா:
இருட்டுல எடுக்கிறவங்களுக்கு 61 எதுக்கு பாஸ்? சோனி ஏ7எஸ் 3 வாங்குங்க, 12 மெகாபிக்சல். பிக்சல் பெருசு, நாய்ஸே இருக்காது.

டார்க்ரூம்_தாத்தா:
வீடியோவுக்குன்னா சரி. போட்டோவுக்கு அவ்வளவு வித்தியாசம் வராது. சென்சார் ரெண்டும் 36க்கு 24 மில்லிமீட்டர்தானே? விழுற மொத்த வெளிச்சம் ஒண்ணுதான். அதை 12 மில்லியன் டம்ளர்ல பிடிச்சாலும் 61 மில்லியன் டம்ளர்ல பிடிச்சாலும் ஒரே அண்டாவுல ஊத்தினா அளவு ஏறக்குறைய அதேதான்.

மாடவீதி:
தாத்தா, பார்த்துட்டேன். பழசு: 1/250, எஃப் 2.8, என் சொந்த 70-200 ஜூம் லென்ஸ். புதுசு: 1/250, எஃப் 4. கடையில எஃப் 4 லென்ஸ்தான் இருந்துச்சு. லைட்ரூம்ல புதுசுக்கு மட்டும் 1.1 ஸ்டாப் ஏத்தியிருக்கேன். ஆலாபனை நடுவுல டப் டப்புன்னு சத்தம் வேணாம்னு சைலன்ட் ஷட்டர்.

டார்க்ரூம்_தாத்தா:
மாட்டிக்கிட்டீங்க பாருங்க! எஃப் 2.8க்கும் எஃப் 4க்கும் ஒரு ஸ்டாப். அதாவது புது கேமராவுக்கு நீங்க கொடுத்ததே பாதி வெளிச்சம். அதை லைட்ரூம்ல தூக்கிட்டீங்க. 6400ன்னு எழுதியிருக்கு, ஆனா வேலை செஞ்சது 12800 மாதிரி. ஐஎஸ்ஓவை ஏத்தினா வெளிச்சம் கூடாது. வந்த வெளிச்சத்தை ரேடியோ வால்யூம் மாதிரி கூட்டிக் காட்டுறதோட சரி.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு பிக்சல்ல 10,000 ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தா ஏத்த இறக்கம் சுமார் 100, அதாவது 1%. 100 ஃபோட்டான் விழுந்தா ஏத்த இறக்கம் 10, அது 10%. உங்க ரவை அதுதான்.

பட்டைக்குக் காரணம் சைலன்ட் ஷட்டர். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் செகண்டுக்கு 100 தடவை மின்னும். சென்சாரை மேல இருந்து கீழ வரிவரியா மெதுவா படிக்கும்போது அந்த மின்னல் பட்டையா விழுது. ட்யூப்லைட்டா இருந்தா 1/100 வச்சுத் தப்பிக்கலாம். மேடை எல்இடி டிம்மருக்கு வேற வேற வேகம், அதனால மெக்கானிக்கல் ஷட்டர்தான் நல்லது. சத்தத்துக்குப் பயந்தா பின் வரிசைக்குப் போங்க.

2007ல நிக்கான் டி3 வந்து 6400ஐ சாதாரணமாக்குற வரைக்கும் நாங்க 1600க்கே கும்பிடு போட்டோம். அது வேற கதை.

சலங்கை_ஒலி:
பதத்துக்கு என்ன கலர் லைட் போட்டாங்க அண்ணா? நீலமா?

மாடவீதி:
ஆமாங்க! கரும் நீலம். வர்ணத்துக்கு மஞ்சளும் வெள்ளையும்.

சலங்கை_ஒலி:
அப்போ ஒப்பீடே செல்லாது. சென்சார்ல ஒவ்வொரு பிக்சல் மேலயும் ஒரு கலர் ஃபில்டர் இருக்கும்: நாலு கட்டத்துக்கு ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். சுத்த நீல லைட்ல மொத்த பிக்சல்ல கால்வாசிதான் உருப்படியா வேலை செய்யும். எந்த கேமராவா இருந்தாலும் அந்தப் பதம் ரவையாதான் வரும். நான் அந்த மாதிரி படத்தை கருப்பு வெள்ளை ஆக்கிடுவேன், கொஞ்சம் கௌரவமா இருக்கும்.

மாடவீதி:
இன்னிக்கு வாடகை முடியறதுக்குள்ள வீட்டுல சோதிச்சேன். அம்மாவோட காஞ்சிபுரம் பட்டு ஒண்ணை நாற்காலியில விரிச்சு, பூஜை ரூம் மஞ்சள் பல்பு மட்டும். டிரைபாட். அதே கேனான் லென்ஸை அடாப்டர்ல மாட்டினேன். ரெண்டுலயும் 1/125, எஃப் 2.8, 6400, மெக்கானிக்கல். புதுசை 5760க்குச் சுருக்கினேன்.

நாய்ஸ்ல புதுசு கொஞ்சம் மேல. ஜரிகைதான் ஆச்சரியம். பழசுல தங்கக் கோடா தெரிஞ்ச பார்டர்ல, புதுசுல இழை பின்னினதே தெரியுது. அம்மா கிட்ட காட்டினேன், "இந்த இடத்துல இழை விட்டுப்போச்சே, எப்போ?"ன்னு கவலையாயிட்டாங்க.

கேமராவை வாங்கிடலாம்னு இருக்கேன். லென்ஸுக்குத்தான் இப்போ காசில்ல. அந்தக் கடையில எஃப் 2.8 மார்கழி முழுக்க புக் ஆயிடுச்சாம், கேனான் மவுண்ட் அடாப்டரும் சேர்த்து. யார்கிட்டயாவது அடாப்டர் சும்மா கிடக்குதா? வாடகை கொடுத்துடறேன்.

சலங்கை_ஒலி:
என்கிட்ட ஒண்ணு இருக்கு. திருவான்மியூர் வந்து வாங்கிக்கங்க. டிசம்பர் 20ல இருந்து மூணு நாள் மட்டும் எனக்கு வேணும்.