புதுப்பிப்பு: வரப்பிலும் வீட்டோரத்திலும் பார்த்தீனியம்

பார்த்தீனியக் களையைப் பூக்கும் முன் பிடுங்குங்கள், இல்லையென்றால் உப்புக் கரைசல் அடித்துக் காயவிடுங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். "அரிவாளால் அறுத்தால் போதாதா? உப்புக் கரைசலைத் தோட்டத்திலும் அடிக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

அறுத்தால் போதாது. அடித்தண்டிலிருந்து பக்கக்கிளை வெடித்து, முன்னைவிடக் குள்ளமாகச் சீக்கிரமே பூத்துவிடும். கேரட் இலை மாதிரி தரையோடு தட்டையாகப் படர்ந்திருக்கும் பருவம்தான் சரியான நேரம். மழை பெய்த மறுநாள், கையுறை போட்டு, கழுத்தைப் பிடித்து நேராக இழுத்தால் ஆணிவேர் முழுசாக வரும். பூக்காத செடியைக் குப்பைக்குழியில் மட்கவிடலாம். வெள்ளைப் பூ வந்த செடியைக் குழியில் போடவே வேண்டாம். ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும், எருவோடு வயலுக்கே திரும்பிவிடும்.

உப்பு விஷயத்தில் கவனம். லிட்டருக்கு 200 கிராம், அதாவது 10 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு 2 கிலோ. இலையில் ஒட்ட 20 மில்லி சோப்புக் கரைசல். கல்லுப்பைத் துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். பனி உலர்ந்தபின், நல்ல வெயிலில், செடி முழுக்க நனைய அடியுங்கள். அன்றே மழை வந்தால் வீண். பாதையோரம், தரிசு, வேலி ஓரத்துக்கு மட்டும். பயிர் நிலத்திலும் கிணற்றடியிலும் கூடாது, மண் உவர்ந்துவிடும். தெளிப்பானை உடனே கழுவுங்கள், அரித்துவிடும்.

இலையில் பழுப்புக் கோடு போட்ட வெளிர்மஞ்சள் வண்டுகள் தென்பட்டால் அங்கே மருந்தே வேண்டாம். பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்தவே 1980-களில் மெக்சிகோவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த இனம் அது. புழுவும் வண்டும் சேர்ந்து மழைக்காலத்தில் இலையை மொட்டையடித்துவிடும்.