மாரியில் லாக்கர் வெள்ளை பூக்குது: பியூற்றைல் அசற்றேற்று எவ்வளவு விடலாம்?

கேள்வி (கோண்டாவில்)
தேக்குக் கதவுக்கு என்.சி. (நைற்றோசெலுலோசு) கிளியர் லாக்கர் அடிக்கிறம். லாக்கரும் தின்னரும் சமபங்கு. மழை தொடங்கினதிலயிருந்து, அடிச்சுக் கொஞ்ச நேரத்தில பால் தெளிச்ச மாதிரி வெள்ளை பூக்குது. தின்னருக்குப் பலம் காணாது எண்டு கடையில எதைல் அசற்றேற்று தந்தவை. அது விட்டாப்பிறகு இன்னும் மோசம். பழுதான கதவை என்ன செய்யலாம்?

பதில் (தளபாடப் பட்டறை, சுன்னாகம்)
எதைல் அசற்றேற்று 77 பாகையில கொதிக்கிறது, பியூற்றைல் அசற்றேற்று 126 பாகையில. எதைல் ஏறத்தாழ நாலு மடங்கு வேகமாப் பறக்கும். பறக்கேக்க பூச்சின்ர சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பூச்சுக் குளிர, ஈரக்காத்தில இருக்கிற தண்ணி அதில படியும். வெள்ளை அதுதான்.

ஒரு லீற்றர் தின்னரில 200 முதல் 250 மில்லிலீற்றரை எடுத்துப்போட்டு, அந்தளவுக்கு பியூற்றைல் அசற்றேற்று விடுங்கோ. கூட விட்டால் காயப் பிந்தும், நிமிர்ந்த பலகையில வழியும். முதல் துண்டுப்பலகையில அடிச்சுப் பாருங்கோ. மெல்லிசா அடியுங்கோ, மத்தியானம் காத்துக் காய்ஞ்ச நேரமாப் பாத்து. கொம்பிரசர் தாங்கியின்ர அடிக்குழாயைத் திறந்து தண்ணியை ஒவ்வொரு நாளும் விடவேணும். கனபேர் இதை மறந்துபோட்டுத் தின்னரைத் திட்டுவினம்.

பழுதான கதவுக்கு, பியூற்றைல் அசற்றேற்றும் தின்னரும் சமபங்காக் கலந்து, லாக்கர் இல்லாமல் பனிப்புகார் மாதிரி ஒருக்கா அடியுங்கோ. மேல்படை கரைஞ்சு ஈரம் வெளியேறும். போகாட்டில் நல்லாக் காயவிட்டு 400 ஆம் நம்பர் தாளால தேய்ச்சுத் திருப்பி அடிக்கத்தான் வேணும்.

பதில் (பெயின்ற் கடை, யாழ்ப்பாணம்)
தின்னரையும் சந்தேகப்படுங்கோ. தொலுயீன் நைற்றோசெலுலோசைத் தனியக் கரைக்காது, ஐதாக்க மட்டும்தான் உதவும். மலிவுத் தின்னரில அது கூடினால், அதைக் கரைக்கிற எஸ்தர் (அசற்றேற்று வகை) முதல் பறந்துபோக நைற்றோசெலுலோசு திரண்டு வெள்ளையா நிக்கும். வெயில் நாளில கண்ணாடித் துண்டில கலவையை ஊத்திக் காயவிடுங்கோ. அங்கயும் வெளுத்தால் மழையில பிழையில்லை.

கேள்வி (கோண்டாவில்)
கண்ணாடியில தெளிவாக் காய்ஞ்சுது. அப்ப ஈரம்தான். மிச்ச எதைல் அசற்றேற்றை என்ன செய்யிறது? பியூற்றைலை ரெண்டு பொதிப் பி.யூ. (பொலியூறிதேன்) பூச்சுக்கும் விடலாமோ?

பதில் (தளபாடப் பட்டறை, சுன்னாகம்)
எதைல், பூச்சு அடிக்கிற துவக்கைக் (ஸ்ப்ரே கன்) கழுவ நல்லது. ஆனால் அது தீப்பற்றும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ 4 பாகை. பியூற்றைலுக்கு 22 அளவில. எங்கட ஊர்ச் சூட்டில ரெண்டும் எந்நேரமும் பத்தும். ஆவி காத்தைவிடப் பாரம், நிலத்தோட தவழ்ந்து போகும். பக்கத்தில வெல்டிங்கோ அடுப்போ வேண்டாம். தூசுக்குக் கட்டுற துணி ஆவியை மறிக்காது, கரிவடி உள்ள முகமூடி வேணும்.

பி.யூவுக்கு விடலாம், ஆனால் ஈரமில்லாத யூறிதேன் தரம் எண்டு கேட்டு வாங்குங்கோ. தண்ணி கலந்திருந்தால் ஹார்ட்னரோட (பூச்சை இறுக்கிற ரெண்டாம் பொதி) சேர்ந்து காபனீரொட்சைட்டு வந்து பூச்சில குமிழ் விழும். என்.சி. தின்னரை மட்டும் அதுக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ: அதில இருக்கிற அற்ககோல் ஹார்ட்னரைத் தின்றுபோடும், பூச்சு கடைசிவரை பிசுபிசுக்கும்.