12 வோல்ட் சப்ளையில் உறுமல்: 1000 மைக்ரோஃபாரட் போதாதா?

ரேடியோப்பித்தன்:
எஃப்எம் போர்டுக்கும் சிறிய ஆம்பிளிஃபயருக்கும் சப்ளை செய்திருக்கிறேன். 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 4007 டையோடு, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், பிறகு 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 7812 ரெகுலேட்டர். மெதுவாகப் பாடினால் சுத்தம். ஒலியைக் கூட்டினால் அரை ஆம்பியர் வரை இழுக்கிறது, பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. மீட்டரில் 11.6 வோல்ட். கடைக்காரர் 2200 போடச் சொல்கிறார், நண்பர் 10000 என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

சால்டரிங்_தாத்தா:
இருவரையும் விடுங்கள் தம்பி, கணக்கு போடுவோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு டையோடையும் பிரிட்ஜாகப் போட்டால் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை கெப்பாசிட்டர் நிரம்பும். இடையில் அரை ஆம்பியர் உறிஞ்சினால் 0.5 × 0.01 ÷ 0.001, அதாவது ஏறக்குறைய 5 வோல்ட் இறங்கும். 12 வோல்ட் ஏசி அலையின் உச்சம் 17, டையோடுகள் 1.4 விழுங்கினால் மிச்சம் 15.5. பள்ளத்தில் 10.5. 7812க்கோ உள்ளே 14 வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது கைவிட்டுவிடுகிறது, அந்த 100 ஹெர்ட்ஸ்தான் உங்கள் உறுமல். மீட்டர் சராசரியைத்தான் சொல்லும், பள்ளத்தைச் சொல்லாது.

4700 போட்டால் இறக்கம் 1 வோல்ட்டுக்குச் சற்று மேல். தப்பிக்கலாம். ஆனால் மாலையில் வீட்டு மின்சாரம் 200க்கு இறங்கினால் உச்சமே 13.5தான். அப்போது நண்பரின் 10000 போட்டாலும் உறுமும். என் கட்சி, 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்.

மின்பொறி:
தாத்தா சொல்வது சரி. ஆனால் 15க்கு மாறினால் அந்த 25 வோல்ட் கெப்பாசிட்டரைத் தூக்கிப் போடுங்கள். சுமையில்லாமல், மின்சாரம் 250 இருக்கும்போது சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 26 வோல்ட்டைக்கூடத் தாண்டும். 35 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 10000 தேவையில்லை, கெப்பாசிட்டர் பெரிதாக ஆக டையோடு வழியே பாயும் மின்னோட்டம் குறுகிய, உயர்ந்த துடிப்பாகிறது, டிரான்ஸ்ஃபார்மர் வீணாகச் சுடும்.

ரேடியோப்பித்தன்:
15 வோல்ட் கொடுத்தால் 7812 சூடாகாதா ஐயா?

சால்டரிங்_தாத்தா:
ஆகும். உள்ளே 19, வெளியே 12, அரை ஆம்பியர்: 3.5 வாட். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு, அதாவது நல்ல ஹீட் சிங்க் கட்டாயம். கெப்பாசிட்டரை அதன் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், வெந்து தலை உப்பிவிடும். 105 டிகிரி (தாங்கும் சூடு) என்று அச்சிட்டதாகக் கேட்டு வாங்குங்கள்; விலை கொஞ்சம்தான் கூட.